பன்னிரண்டு போன்களும் ஒரு ‘உம்’மும்

இணையம் வழியாகப் போன் பேச வைப்பது என் தொழில்; அதாவது, “கேக்குதா?” என்று கேட்டுக் கேட்டே வயிறு வளர்ப்பது.

ஆபீஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு “ஹலோ... ஹலோ... இப்ப கேக்குதா?” என்று ஒரு தடவையாவது கத்தியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நானும் உறவு. நீங்கள் கத்துகிற அதே நேரத்தில், எங்கோ ஒரு மேசைக்கு அடியில் குனிந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டு, உங்களைவிட அதிகமாக வேண்டிக்கொண்டிருப்பவள் என்னைப் போன்ற ஒருத்திதான்.

அருப்புக்கோட்டையில் எனக்கும் ஞானதுரை அண்ணனுக்கும் சேர்த்து ஒரு சின்னக் கடை. அவர் கம்பத்தில் ஏறுவார், சுவரில் துளை போடுவார், ஒயர் இழுப்பார். பெட்டிகளுக்கு உள்ளே நடப்பதை நான் பார்த்துக்கொள்வேன். பழைய டெலிபோனுக்கு இருந்த மாதிரி குரலுக்கென்று தனிக் கம்பி எங்கள் வேலையில் கிடையாது. கம்ப்யூட்டருக்கு வருகிற அதே இணையத்தில்தான் பேச்சும் போய் வரும். இதைப் பதினாறு வருஷமாகச் செய்கிறேன். இன்றைக்கும், மேசைக்கு அடியிலிருந்து நான் சொன்ன “ஹலோ” அடுத்த ஊரில் கேட்டுவிட்டால் எனக்குப் புல்லரிக்கும். அண்ணன் இதற்காக என்னைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

இங்கே எழுதுவது எல்லாம் திருச்சுழியில் ஒரு கால் சென்டருக்குப் போன் போட்டபோது நடந்தவை. கரி மூட்டை குடோனுக்கு மேலே ஒரு மாடி ஹால். பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு பெண்கள். சென்னையில் உள்ள ஒரு பம்பு செட் கம்பெனிக்காக, நம் பக்கத்து விவசாயிகளின் புகார்களைப் போனில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கம்பெனி மூன்று மாதம் வெள்ளோட்டம் பார்க்கும். ஒவ்வொரு பேச்சையும் பதிவு செய்து, கேட்டு, மார்க் போடும். தேறினால் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் பன்னிரண்டு வேலையும் வேறு ஊருக்குப் போய்விடும். அத்தனை பேரும் அதுவரைக்கும் விடியுமுன் மில் வேனுக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குத் தலைமை பாண்டியம்மாள், பரளச்சி ஊர்க்காரி, முப்பது வயது இருக்கும். வேலையைத் தொடங்கிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஒன்றுதான் சொன்னாள்: “எங்களை மறுபடி அந்த வேன்ல ஏத்தி விட்றாதீகக்கா.”

நாலு நிமிஷம் பேசியவர்

முதல் நாள். சூடம் காட்டி, அண்ணன் தன் பங்குக்கு ஒரு ஜெபமும் செய்து முடித்தோம். முதல் போன் வந்தது. கமுதிப் பக்கத்து விவசாயி. அவர் குரல் மட்டுமில்லை, அவருக்குப் பின்னால் கத்திய காக்கா முதற்கொண்டு தெளிவாகக் கேட்டது. பாண்டியம்மாள் அழகாக வணக்கம் சொன்னாள், பேர் கேட்டாள், ஊர் கேட்டாள். இவள் பேசியதில் ஒரு எழுத்துகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆனாலும் மனுஷர் போனை வைக்கவில்லை. நாலு நிமிஷம், மோட்டார் வாங்கிய கதையிலிருந்து ஆரம்பித்து, மச்சானோடு வந்த வரப்புத் தகராறு வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

எங்கள் தொழிலில் இது அடிக்கடி வரும் வியாதி. போகிற பேச்சும் வருகிற பேச்சும் தனித்தனிப் பாதையில் பயணம் செய்யும். வாசலில் இருக்கும் பெட்டியில் ஒரு கதவைத் திறந்து வைக்க நான் மறந்துவிட்டேன். ஒரு பாதை அடைபட்டுப் போயிற்று. கால் மணி நேரத்தில் சரிசெய்து, பாண்டியம்மாளை விட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். திரும்பக் கூப்பிட்டவளிடம் அவர் சொன்னது: “அட, இருக்கட்டும் தாயி. நீ பேசலைன்னாலும் நான் பேசி முடிச்சேன்ல, அதுவே பாரம் எறங்குன மாதிரி இருக்கு.”

நொடிக்கு ஐம்பது துண்டு

ரெண்டாவது வாரம் குரல் நொறுங்க ஆரம்பித்தது. காலை பதினொரு மணிக்குச் சரியாக வரும் கோளாறு. “உங்க... ட்டார்... ன்ன... பவர்?” என்று கேட்டால் எந்த விவசாயி பதில் சொல்வார்? நான் ஒயரை மாற்றினேன், பெட்டியை மாற்றினேன், கடைசியில் என் மேலேயே எரிச்சல்பட்டேன். ஞானதுரை அண்ணன்தான் கீழே குடோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குடோன்கார அண்ணாச்சி கரி மூட்டைகளுக்குக் காவலாக எட்டு கேமரா மாட்டியிருந்தார், நம் லைனிலேயே. தினமும் பதினொரு மணிக்கு, அருப்புக்கோட்டையில் உள்ள தன் கடையில் காபி குடித்தபடி, எட்டு கேமராவையும் செல்போனில் திறந்து மூட்டை மூட்டையாகப் பார்ப்பாராம்.

அண்ணாச்சியிடம் விளக்கப் போனேன். நாம் பேசுகிற பேச்சை இந்தப் பெட்டி நொடிக்கு ஐம்பது துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு அனுப்புகிறது; அந்தப் பக்கம் எடுத்துக் கோத்து மறுபடி குரலாக்குகிறது; உங்கள் கேமராப் படம் பாதையை அடைத்தால் துண்டுகள் தாமதமாகி விழுந்துவிடுகின்றன என்றேன். எத்தனை முறை சொன்னாலும் நம்ப முடியாத விஷயம் அது. அண்ணாச்சி காபியைக் கீழே வைத்துவிட்டார். நான் பேச்சுக்கு முதல் வழி, படத்துக்கு அடுத்த வழி என்று பெட்டியில் வரிசை வைத்தேன். அதோடு விடாமல், லைனில் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமாகட்டும் என்று, பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாமல் இருக்கும் ஒரு வசதியையும் போட்டுவிட்டு, பெரிய காரியம் செய்தவள் போல வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி வழியனுப்பும்போது சொன்னது: “கரி எங்கே ஓடிறப் போவுது? அந்தப் பிள்ளைக பேச்சை மொதல்ல அனுப்பும்மா.”

வழி கேட்காமல் வந்தவன்

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரம். பன்னிரண்டு போனும் ஒன்றாக மணியடித்தன. எடுத்தால் யாரும் இல்லை. வைத்தால் மறுபடி அடித்தது. ரெண்டு பெண்கள் தூக்குவாளியை மூடிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். பாண்டியம்மாள் மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, “சொல்லுங்க, யாரு பேசுறீக? தைரியமாச் சொல்லுங்க” என்று, பேசாத ஒருத்தரிடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அருப்புக்கோட்டையிலிருந்து பெட்டியைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தேன். பூமியில் எந்த மூலை என்று தெரியாத ஓர் இடத்திலிருந்து ஒரு இயந்திரம், உலகத்திலுள்ள போன் பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் திருச்சுழிக் கதவையும் கண்டுபிடித்திருந்தது. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறது, கை வலிக்காமல். அதை ஏவிவிட்டவனுக்கு ரொம்பச் சிரமமும் வைக்கவில்லை நான். நூற்றி ஏழாம் போனுக்குக் கடவுச்சொல்லும் நூற்றி ஏழு. நூற்றி எட்டுக்கு நூற்றி எட்டு. அவசரத்தில் நான் வைத்தது; அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது. நூற்றி ஏழின் வழியாக உள்ளே வந்து வெளிநாட்டுக்குப் போன் போட முயன்றிருக்கிறான். அங்கே பூட்டு இருந்தது. “திருச்சுழியிலிருந்து வெளிநாட்டுக்கு யாரு பேசப் போறா?” என்று ஞானதுரை அண்ணன் முதல் நாளே என்னைப் போடச் சொன்ன பூட்டு. அதுமட்டும் இல்லையென்றால் பில் லட்சக்கணக்கில் ஏறி, கம்பெனி அன்றைக்கே கடையை மூடச் சொல்லியிருக்கும்.

கதவையெல்லாம் அடைத்துவிட்டு நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். என் தப்பையும் மறைக்கவில்லை. பெண்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பாண்டியம்மாள் சொன்னது: “எங்க ஊருக்கு ஒரு பஸ்ஸு வர்றதுக்கே நாலு தடவ மனு குடுக்கணும், இவன் யாருகிட்டயும் வழி கேக்காம வந்துட்டானேக்கா!”

பதினாறு எழுத்து

அப்புறம் பட்ட புத்தியில், ஒவ்வொருவருக்கும் பதினாறு எழுத்தில் கடவுச்சொல் வைத்தேன். எழுத்து, எண், நடுவில் நட்சத்திரம், கேள்விக்குறி எல்லாம் கலந்து. தினமும் காலையில் அதை அடித்துத்தான் உட்கார வேண்டும். தாளில் எழுதக் கூடாது, செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்று சென்னையிலிருந்து உத்தரவு. நான் வைத்த என் சொல் எனக்கே மறந்துபோய் மூன்று தடவை மாட்டிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் போனால் எல்லோரும் கீபோர்டில் படபடவென்று அடித்துவிட்டு உட்கார்கிறார்கள். எங்கேயாவது எழுதி ஒளித்திருப்பார்கள் என்று மேசைக்கு அடியிலெல்லாம் தேடினேன். வளையல் டப்பாவைக்கூட விடவில்லை. ஒரு துண்டுச் சீட்டு இல்லை. மல்லிகா என்று ஒரு பெண், மில்லில் நூல் சுற்றும் பகுதியில் எட்டு வருஷம் இருந்தவள், கண்ணை மூடிக்கொண்டு பதினாறையும் முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால் சொன்னாள். நான் அசந்து நின்றதைப் பார்த்து அவளுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. “ரேசன் கார்டு நம்பரு, ஆதாரு, கேஸு புக்கு, மூணு பிள்ளைக பள்ளிக்கூட நம்பரு எல்லாம் இங்கனதான் கெடக்கு. இதுவும் ஒரு ஓரமாக் கெடந்துட்டுப் போகுது.”

போனில் முதலில் வந்த மழை

இதற்கு எனக்கு விளக்கம் சொல்லத் தெரியும். ஆனாலும் அதிசயம் தீரவில்லை. எட்டு மாசமாக ஒரு தூற்றல் இல்லை. மேகம் வரும், பார்க்கும், போகும். அன்று நான் ஹாலில் இருந்தேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒருவர், மோட்டார் தகரக் கொட்டகையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவில் படபடவென்று ஒரு சத்தம். லைன் கெட்டுவிட்டது என்று நான் ஓடிப்போய் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தேன். லைன் கெடவில்லை. தகரத்தில் மழை.

ஸ்பீக்கரில் போட்டு ஒலியைப் பெரிதாக வைத்தேன். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ரெட்டியபட்டி மழை துண்டு துண்டாகி, எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கோ போய், திரும்பி வந்து எங்கள் மேசையில் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எங்களுக்கு வெயில் காய்கிறது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கும் கண் கலங்கியது. சொல்வதற்கு என்ன வெட்கம்? கொஞ்ச நேரத்தில் திருச்சுழியிலும் காற்று மாறி, மண்வாசனை வந்து, மழை இறங்கியது. அதற்கு முன்னாலேயே அந்த ரெட்டியபட்டிக்காரர் போனில் சொல்லிவிட்டார்: “தாயி, புகாரைப் பெறகு எழுதிக்க. மழ அங்கிட்டுத்தான் வருது, மொட்ட மாடில துணி கெடந்தா எடுங்க.”

இருக்கீகளா?

ரெண்டாம் மாதக் கடைசியில் மார்க் வந்தது. படித்துவிட்டுப் பாண்டியம்மாள் எனக்குப் போன் செய்தாள். அழவில்லை, ஆனால் குரலில் உயிர் இல்லை. சென்னையில் மார்க் போடும் அதிகாரி எழுதியிருந்தார்: ‘உங்கள் பணியாளர்கள் வாடிக்கையாளர் பேசுவதைக் கவனிப்பதில்லை. நீண்ட நேரம் மௌனமாக இருக்கிறார்கள். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப இருக்கீங்களா என்று கேட்கும் நிலை. ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் வேலை நிறுத்தப்படும்.’

நான் ஒரு நாள் முழுக்கப் பாண்டியம்மாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கவனிக்காமல் எங்கே இருந்தாள்? நம் ஊர்ப் பக்கம் ஒருத்தர் பேசினால் கேட்பவர் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் பேசுகிறவர் நின்றுவிடுவார். இவள் வரிக்கு வரி உம் கொட்டினாள். ‘அப்படியா’ என்று கேட்கிற உம் ஒன்று. ‘மேலே சொல்லுங்க’ என்று தள்ளிவிடுகிற உம் ஒன்று. மோட்டார் எரிந்ததைச் சொன்னால் அடிவயிற்றிலிருந்து இறங்குகிற உம். நான் ஏழு வகை எண்ணி, அதற்கு மேல் எண்ண முடியாமல் விட்டேன். இத்தனைக்கும் அந்தப் பக்கம் ஆள் “ஏம்மா, இருக்கீகளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பதிவைப் போட்டுக் கேட்டேன். விவசாயி பேசுகிறார். அப்புறம் மயான அமைதி. மறுபடி பேசுகிறார். மறுபடி அமைதி. ஒரு உம்கூட இல்லை. பேசாத நேரத்தில் எதையும் அனுப்பாதே என்று நான் போட்டேனே ஒரு வசதி, அது வாயைத் திறந்து சொல்கிற வார்த்தையை மட்டும்தான் பேச்சு என்று எடுத்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு மெல்லச் சொல்கிற உம்மை, மின்விசிறிச் சத்தம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டது. மென்மையாகப் பேச வேண்டும் என்பது கம்பெனி விதி; விதிக்குப் பயந்து இவர்கள் உம்மை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை நூறு உம், பன்னிரண்டு பேருக்கு, இத்தனை வாரமாக! எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. பதிவை இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, மெல்லச் சொன்னார்: “அந்தப் பிள்ளைக வாயை நாமதான் பொத்தி வச்சிருந்திருக்கோம், ராணி.”

சென்னை கேட்டது

அந்த வசதியை எடுத்துவிட்டால் லைனுக்குப் பாரம் கூடும். பன்னிரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் குரல் மறுபடி நொறுங்கலாம். குடோன் அண்ணாச்சி, நாங்கள் கேட்காமலேயே, கேமராவை நாலாகக் குறைத்துக்கொண்டார். அண்ணன் தெருக் கம்பத்திலிருந்து புது ஒயர் இழுத்தார். வசதியை எடுத்தேன். அதிகாரிக்குப் போன் செய்து, தப்பு பெண்களுடையது இல்லை, என்னுடையது, நீங்களே நேரடியாகக் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் வேண்டாவெறுப்பாக, ஒரே ஒரு அழைப்பு கேட்கிறேன் என்றார்.

அந்த ஒரே அழைப்பு நரிக்குடிப் பக்கத்து மிளகாய்த் தோட்டக்காரருடையதாக அமைந்தது. போர் மோட்டார் எரிந்து நாலு நாள். செடி வாடுகிறது. வீட்டம்மாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அங்கேயும் இங்கேயும் ஓடுகிறார். பதினோரு நிமிஷம் பேசினார். நான் சுவரில் சாய்ந்து நின்று, பாண்டியம்மாளின் உம் ஒவ்வொன்றும் திரையில் சின்னக் கோடாக எழும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பியது, போனது, எழும்பியது, போனது. அவர் ஒரு தடவைகூட “இருக்கீகளா” என்று கேட்கவில்லை. மறுநாள் காலையில் மோட்டார் மெக்கானிக் வருவார் என்று உறுதி சொல்லி அவள் முடித்தாள்.

பிறகு என் செல்போன் அடித்தது. சென்னை அதிகாரி. எடுத்ததும் சொன்னார்: “மேடம், நானும் என்னை அறியாம உம் கொட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, என் மைக்கை ஆஃப் பண்ணியிருந்தேன்.”

கடைசித் தபால்

வெள்ளோட்டம் முடிந்த அன்று கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. அதை அச்செடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி என்னை நடுவில் நிற்க வைத்துவிட்டார்கள். வேலை திருச்சுழியிலேயே தொடரும். பன்னிரண்டு பேரும் நிரந்தரம். மல்லிகா தரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். கீழே ரெண்டாவது பத்தியும் இருந்தது: மற்ற ஊர் மையங்களிலுள்ள பணியாளர்களுக்கு, வாடிக்கையாளர் பேசும்போது உம் கொட்டும் முறை குறித்துப் பயிற்சி அளிக்க, தங்கள் மையத்திலிருந்து தகுதியான இருவரைச் சென்னைக்கு அனுப்பி வைக்கவும்.

இதைப் படித்ததும் முந்தானைக்குள்ளிருந்து மல்லிகா சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஹாலே சிரித்தது. பாண்டியம்மாள் பத்தாம் வகுப்பில் ரெண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை எழுதாமலே மில்லுக்குப் போனவள். மெயிலை என் கையிலிருந்து வாங்கி, அந்த ரெண்டாவது பத்தியை விரலால் தடவித் தடவி மறுபடி படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “உம் கொட்டுறதுக்கெல்லாம் பரிட்ச வப்பாகன்னு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, நான் ஸ்டேட்டு பஸ்டு வந்திருப்பேனேக்கா!”

இப்போதெல்லாம் எந்த ஊரில் புதுப் போன் மாட்டினாலும் ஹலோ சொல்லிப் பார்ப்பதில்லை, மூலையில் திரும்பி நின்று விதவிதமாக உம் கொட்டித்தான் சரிபார்க்கிறேன், அந்த நேரத்தில் முதலாளிகள் என்னைப் பார்க்கிற பார்வையைத் தடுக்க மட்டும் இன்னும் எந்தப் பெட்டியிலும் யாரும் வசதி கண்டுபிடிக்கவில்லை.